பெரணியும் கன உலோகமும்: மகள் கேட்கும் ஆய்வுத் தலைப்புக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: என் மகள் தாவரவியல் இளங்கலை முடிக்கப் போகிறாள். முதுகலையில் ‘கன உலோக மாசைப் பெரணிகள் எதிர்கொள்ளும் விதம்’ என்ற தலைப்பில்தான் ஆய்வு செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பெரணியைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? ஆர்செனிக், காட்மியம் என்று விஷத்தோடு புழங்குவதும் பயமாக இருக்கிறது.

பதில்: சம்மதிக்கலாம். ஆனால் அந்த ஆய்வகத்தில் அவள் கையால் என்ன செய்யப் போகிறாள் என்பதை விசாரித்த பிறகு. நாளை நேர்காணலில் பெரணியின் குடும்பப் பெயரை யாரும் கேட்கப் போவதில்லை. மண்ணிலும் இலையிலும் இருக்கும் உலோகத்தை, மற்றவர் நம்பும்படி அளக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதைக் கற்றுக்கொள்ள இது நல்ல தலைப்பு.

ஏன் பெரணி? டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் குவிக்கிறது என்று 2001-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் லீனா மா குழுவினர் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். மரத்தைப் பதப்படுத்தும் ரசாயனத்தால் கெட்டுப்போன நிலத்தில் அது செழித்து வளர்ந்திருந்தது. கிலோவுக்கு 1,500 மி.கி. ஆர்செனிக் கலந்த மண்ணில் வளர்த்தபோது உலர் இலையில் 22,630 மி.கி. வரை சேர்ந்தது. உலர் இலையில் கிலோவுக்கு 1,000 மி.கி. தாண்டினாலே ஆர்செனிக் மிகைத்திரட்டி என்பார்கள். மண்ணில் ஆர்செனேட் வடிவில் இருக்கும் ஆர்செனிக்கைச் செடி, தனக்கு ஊட்டமான பாஸ்பேட் என்று ‘ஏமாந்து’ அதே வாயில் வழியாக உள்ளே விடுகிறது. பிறகு அதை ஆர்செனைட் என்ற வேறு வடிவமாக மாற்றி, ஏசிஆர்3 என்ற கடத்திப் புரதத்தின் துணையோடு செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் பூட்டி வைக்கிறது. பூக்கும் தாவரங்களில் இந்தப் புரதம் இல்லை.

எல்லாப் பெரணியும் இப்படியல்ல. வீட்டு அலங்காரத்துக்கு வளர்க்கும் நெப்ரோலெபிஸ் ஆர்செனிக் பட்டால் நுனி கருகிப்போகும். அதனால்தான் ஒப்பீட்டுக்கு அதைப் பக்கத்தில் வைக்கிறார்கள். டெரிஸ் விட்டேட்டாவும் காட்மியத்திலோ ஈயத்திலோ இதே சாமர்த்தியத்தைக் காட்டாது. ‘பெரணி எல்லா உலோகத்தையும் உறிஞ்சும்’ என்று திட்ட முன்வரைவில் எழுதியிருந்தால், வழிகாட்டி அதைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது காலக்கணக்கில். ஸ்போர் (பெரணிக்கு விதை இல்லை, இந்த நுண்வித்துதான்) முளைக்க ஓரிரு வாரம், இளம் பெரணி தலைகாட்ட இரண்டு மூன்று மாதம், அறுவடை செய்யுமளவு இலை வர மேலும் பல மாதம். ஆறு மாதத் திட்டத்தில் ஸ்போரிலிருந்து தொடங்கினால் அறிக்கை எழுதும் நாளில் கையில் செடி இருக்காது. ஐந்தாறு இலை விட்ட ஒரே வயதுச் செடிகளை முதலிலேயே வாங்க வேண்டும். இல்லையென்றால் வேகமாக வளரும் செரட்டோப்டெரிஸ் ரிச்சர்டி என்ற பெரணியை எடுக்கலாம். ஸ்போரிலிருந்து முதலில் வளரும் அதன் சிறு தகடு (கேமீட்டோபைட்) இரண்டு வாரத்தில் முதிர்ந்துவிடும், பெட்ரி தட்டிலேயே முளைப்பு விழுக்காட்டையும் வளர்ச்சியையும் பார்த்துவிடலாம்.

அடுத்தது, மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஊட்டக்கரைசல். வழக்கமான ஹோக்லண்ட் கரைசலில் பாஸ்பேட் இருக்கிறது. அதில் ஈய நைட்ரேட்டை ஊற்றினால் ஈயம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் படியும். மாணவி ‘100 மைக்ரோமோலார் செறிவில் கொடுத்தேன்’ என்று எழுதுவாள்; வேருக்குக் கிடைத்தது அதில் சொற்பம். ஆர்செனேட்டானால் சிக்கல் வேறு: பாஸ்பேட் போட்டிக்கு வந்து உறிஞ்சுதலைக் குறைத்துவிடும். கரைசலை ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துக் கொடுப்பதும், செடி வைத்த முதல் நாளும் கடைசி நாளும் கரைசலையே எடுத்து உலோகத்தை அளப்பதும் கட்டாயம். இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கச் சேர்க்கும் இடிடிஏ என்ற பிணைப்பு ரசாயனம் தாமிரத்தையும் காட்மியத்தையும் கூடப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதை மறந்துவிட்டு ‘இந்தச் செடி காட்மியத்தைத் தாங்குகிறது’ என்று முடிவு எழுதுபவர்கள் நிறைய.

அறுவடையில், வேரைக் குழாய் நீரில் அலசினால் போதாது. மேற்பரப்பில் ஒட்டிய உலோகமும் ‘உறிஞ்சியது’ கணக்கில் ஏறிவிடும். ஆர்செனேட்டுக்குக் குளிர்ந்த பாஸ்பேட் கரைசல், காட்மியத்துக்கு கால்சியம் குளோரைடோ இடிடிஏயோ கொண்டு பத்து நிமிடமாவது அலச வேண்டும். மண்ணில் வளர்ந்த செடியின் கீழ் இலைகளில் நீர் தெறித்து மண் ஒட்டியிருக்கும். ஈய ஆய்வுகளில் இது பெரிய பொய்யைச் சொல்லும். இலையில் டைட்டானியத்தையும் சேர்த்து அளந்தால் மண் ஒட்டியதா என்று தெரிந்துவிடும்.

பிறகு 65 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, அரைத்து, 0.25 கிராம் எடுத்து, அடர் நைட்ரிக் அமிலம் 5 மி.லி., ஹைட்ரஜன் பெராக்சைடு 2 மி.லி. சேர்த்து மூடிய மைக்ரோவேவ் கலனில் கரைப்பார்கள். உலையில் சாம்பலாக்கும் பழைய முறையில் ஆர்செனிக் ஆவியாகிப் போய்விடலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், அயனியின் நிறையை வைத்து உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்கானும் குளோரினும் இணைந்த அயனி, ஆர்செனிக்கின் நிறையான 75-இலேயே வந்து நின்று அளவை ஊதிப் பெருக்கிவிடும். ஒவ்வொரு தொகுதியிலும் வெற்று மாதிரி (செடி சேர்க்காதது), இரட்டை மாதிரி (ஒன்றையே இருமுறை அளப்பது), சான்றளிக்கப்பட்ட தாவர மாதிரி (உலோக அளவு முன்பே தெரிந்தது) மூன்றும் ஓட வேண்டும். வேலைச்சந்தையில் விலைபோகும் திறன் இதுதான். சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற எந்தச் சோதனைக்கூடமும் குடிநீரையோ உணவையோ மண்ணையோ இதே ஒழுங்கில்தான் சோதிக்கிறது.

புள்ளியியலில் ஒன்று மட்டும்: ஒரு தொட்டியிலிருந்து பத்து இலை எடுத்தால் அது பத்து மாதிரி ஆகாது, ஒன்றுதான். ஒவ்வொரு செறிவுக்கும் ஐந்து தனித்தொட்டிகளாவது வேண்டும்.

உங்கள் பயம் நியாயமானது. ஆர்செனிக், காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம் மூன்றுமே புற்றுநோய் வரவழைப்பவை. ஆனால் ஆபத்தான தருணங்கள் எவையென்று முன்கூட்டியே தெரியும்: உப்புத்தூளை எடை போடுவது, உலர்ந்த இலையை அரைப்பது, அமிலத்தில் கரைப்பது. மூன்றும் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்) நடக்க வேண்டும். கையுறையோடு, அரைக்கும்போது துகள் முகக்கவசத்தோடு. ஆர்செனிக்கை வாயுவாக மாற்றி அளக்கும் ஹைட்ரைடு முறையில் அளந்தால் ஆர்சின் என்ற கொடிய வாயு உருவாகும்; வெளியேற்றக் குழாய் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பெர்குளோரிக் அமிலத்தில் இலையைக் கரைக்கச் சொன்னால், அதற்கென்றே கட்டிய ஃபியூம் ஹூட் இருக்கிறதா என்று அவள் கேட்கட்டும். இல்லையென்றால் மறுக்கட்டும், அது வெடிக்கும். கழிவைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றும் ஆய்வகமென்றால் வேறு இடம் பாருங்கள்.

‘பெரணி நட்டு நிலத்தைச் சுத்தம் செய்யும் நிறுவனம் தொடங்குவேன்’ என்று அவள் சொன்னால், இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு ஹெக்டேர், 15 செ.மீ. ஆழம், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்றால் 1,950 டன் மண். அதில் கிலோவுக்கு 50 மி.கி. ஆர்செனிக் குறைக்க வேண்டுமானால் 97.5 கிலோ வெளியேற வேண்டும். ஆண்டுக்கு 2 டன் உலர் இலை, அதில் கிலோவுக்கு 2,000 மி.கி. என்று வைத்தால் 4 கிலோதான் போகும். இருபத்து நான்கு ஆண்டு! அறுத்த இலையும் அபாயக் கழிவு. எரித்தால் ஆர்செனிக் காற்றில் போகும், குவித்து வைத்தால் மழையில் கசியும். மேல்மண் மட்டும் மாசுபட்ட சிறு நிலங்களுக்கும், ஆர்செனிக் கலந்த நீரை வடிகட்டவும் பெரணி பயன்படலாம். வாஷிங்டனின் ஸ்பிரிங் வேலி குடியிருப்பில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெருநிலத்துக்கு மண்ணைத் தோண்டி அகற்றுவதுதான் இன்றும் வழக்கம்.

ஆகவே வேலை என்பது மாசுநில மதிப்பீடு, சுரங்க நில மீட்பு, சுற்றுச்சூழல் சோதனைக்கூடம், மாசுக்கட்டுப்பாட்டுத் துறை, இவற்றைச் சுற்றித்தான். மூலக்கூறு உயிரியலில் மனம் போனால், ஏசிஆர்3 போன்ற மரபணுக்களை மற்றப் பயிர்களில் வைத்துப் பார்க்கும் ஆய்வு முனைவர் பட்டத்துக்கு இட்டுச்செல்லும். அது நீண்ட பாதை, வீட்டில் பொறுமை வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முதுகலையில் பகுப்பாய்வு வேதியியலும் மண் அறிவியலும் விருப்பப் பாடமாக எடுக்கட்டும். தாவரவியல் மட்டும் படித்தவர்களுக்கு இங்கேதான் கால் இடறுகிறது.

சேர்வதற்கு முன் வழிகாட்டியிடம் அவள் கேட்க வேண்டிய கேள்வி: கருவியை நானே இயக்குவேனா, மாதிரியை வெளியே அனுப்பி எண்களை மட்டும் வாங்குவோமா? வெளியே அனுப்புவதுதான் வழி என்றால் அமிலக் கரைப்பையும் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளையும் அவளே செய்யும்படி கேட்டு வாங்கட்டும். அதுவும் முடியாத இடத்தில், உலோகத்தை அளக்கும் சாதாரண அணு உறிஞ்சல் நிறமாலைமானி இருந்தாலே போதும் என்று திட்டமிடலாம். தலைப்பை அசோலாவுக்கும் காட்மியத்துக்கும் மாற்றலாம். நீர்ப்பெரணியான அது சில நாட்களிலேயே இரட்டிப்பாகும், ஆறு மாதத்துக்குள் சோதனையை இரண்டு முறை திரும்பச் செய்ய நேரம் கிடைக்கும்.