தோணி வரும்வரை உட்கார்ந்திருங்கள்

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 27. தை மாதம் ஐந்து நாள் விடுப்பு கிடைக்கும். தோளில் ஒரு பையோடு, கூட்டமில்லாத கடலோர ஊர் எதற்காவது தனியாகப் போய்வர ஆசை. கோவா வேண்டாம். அம்மா பயப்படுகிறார். எங்கே போகலாம், எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனதில் வந்து நின்றது அகநாசினிதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், அதே பெயருள்ள ஆறு அரபிக்கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சிறிய கிராமம். ஆற்றின் தென்கரையில் அகநாசினி, எதிர்க்கரையில் ததடி. ததடியைத் தாண்டி வடக்கே போனால் கோகர்ணம். கோகர்ணத்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கரையில் இறங்கி நிற்பவர்கள் குறைவு.

கோவையிலிருந்து காலையில் கிளம்பும் இன்டர்சிட்டியில் மங்களூர் போய்விடலாம். அங்கிருந்து கொங்கண் ரயில் பாதையில் கும்டா. கும்டாவிலிருந்து அகநாசினிக்கு ஊர்ப் பேருந்து உண்டு. கால் வலுவாக இருந்தால் பேருந்து வேண்டாம், கடலை ஒட்டியே நடங்கள். வன்னள்ளி, கட்லே, பாட என்று ஒவ்வொரு கடற்கரையாக வரும். நடுவில் செம்புரைக்கல் மேடுகளில் ஏறி இறங்க வேண்டும். சவுக்குத் தோப்பு ஓரமாக நீளமாகக் கிடக்கும் ஒரு மணல்வெளியைக் கடந்தால் அகநாசினி. ததடிக்குப் படகில் போய், பேலேகான், பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே என்று நடந்தால் கோகர்ணம். பெங்களூர்ப் பிள்ளைகள் இதை இரண்டு நாளில் நடந்து முடிக்கிறார்கள். நீங்கள் நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் முதல் தடவை அவசரப்பட்டுத்தான் போனேன். 2003 டிசம்பர். இருட்டுவதற்குள் கோகர்ணம் சேர்ந்துவிட வேண்டும் என்று நடையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அகநாசினித் துறையில் நிற்கும்போது கடைசிப் படகு ஆற்றின் பாதியில் போய்க்கொண்டிருந்தது. கையசைத்தேன், திரும்பவில்லை. துறை ஓரத்து வீட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "பா தங்கி, கூத்கோ" என்றார். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. ஆனால் தங்கி என்றால் தங்கை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

அன்று ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் படுத்தேன். சாப்பாடு குச்சிலக்கிக் கஞ்சி, அதாவது சிவந்த புழுங்கல் அரிசிக் கஞ்சி. தொட்டுக்கொள்ள அப்பேமிடி ஊறுகாய். அது மலைப்பக்கத்து மாவடு. நம் வடுமாங்காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் கடித்தால் பச்சைக் கற்பூரமும் மாவிலையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

காலையில் வற்றம். ஆறு பின்வாங்கி, சேறும் மணலுமாகத் திட்டுகள் தெரிந்தன. பெண்கள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி என்ற சிப்பியை எடுத்தார்கள். தலை நிமிர்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள். கால் மட்டும் அடியில் துழாவும். சட்டென்று குனிந்து ஒரு கை மட்டியோடு நிமிர்வார்கள். பக்கத்தில் ஒரு அலுமினியப் பாத்திரம் மிதக்கும், கயிற்றால் இடுப்போடு கட்டியிருக்கும். அதில் மட்டி விழும் டங் டங் சத்தம் ஆறு முழுக்கக் கேட்டது. மூன்று மணி நேரம் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு படகுகள் வந்து போயின, ஏறவில்லை. அந்தக் காலை நேரத்துக்காகத்தான் இன்றுவரை அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். திண்ணை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் இரவுக்குக் கும்டாவிலும், மற்ற இரவுகளுக்கு அகநாசினிப் பக்கமோ கோகர்ணத்திலோ வீட்டோடு சேர்ந்த தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் எண்ணை அம்மாவிடம் கொடுங்கள். பாரடைஸுக்கும் ஹாஃப் மூனுக்கும் சாலை கிடையாது, காட்டுப் பாதைதான். அந்தப் பகுதியை மட்டும் காலை வெளிச்சத்தில், வேறு நடைக்காரர்களோடு சேர்ந்து கடங்கள். இருட்டிய பிறகு கடற்கரையில் தனியாக இருக்க வேண்டாம். இவ்வளவு போதும், போய் வாருங்கள்.

கேள்வி: பையில் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு மாற்றுடை, ஈரிழைத் துண்டு, தொப்பி, டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நல்ல பிடிமானமுள்ள செருப்பு. செம்புரைக்கல் வெறுங்காலைக் கிழித்துவிடும். ஒரு காலிப் பையும் வையுங்கள். நீங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் அதில் திரும்பி வர வேண்டும். மலைப்பாதை முடியும் கடற்கரைகளில் குப்பை வண்டி கிடையாது.

கேள்வி: அங்கே கடலில் குளிக்கலாமா?
– கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: கரையில் வீடும் படகும் இருந்து, ஊர்க்காரர் ஒருவர் "இங்கே இறங்கலாம்" என்று சொன்னால், இடுப்பளவுக்கு இறங்குங்கள். பாறைகளுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து. தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். ஆற்று முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம். தம்பி, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓம் கடற்கரைப் பாறையில் ஒரு தகப்பன் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 58. தேவாரத் தலங்களாகப் போய்க்கொண்டிருக்கிறோம். கோகர்ணமும் பாடல் பெற்ற தலம்தானே? நடையெல்லாம் எங்களால் ஆகுமா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: ஆமாம் ஐயா. அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கோகரணம் இதுதான். துளுவ நாட்டுத் தலம் என்று தனியாகவே கணக்கில் வருகிறது. இராவணன் கொண்டுவந்த ஆத்மலிங்கத்தைப் பிள்ளையார் சிறுவனாக வந்து தரையில் வைத்துவிட்டார் என்ற கதையும் இங்கேதான் சொல்கிறார்கள். மகாபலேஸ்வரர் சந்நிதிக்கு ஆண்கள் வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல் போக வேண்டும். ரயிலில் கோகர்ணா ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஊருக்குள் வந்துவிடலாம்.

மலைப்பாதையை விட்டுவிடுங்கள். சாணிகட்டா உப்பளத்துக்கு மட்டும் ஒரு மாலை போய்வாருங்கள். ததடிக்கு ஆட்டோவில் போய், படகேறி அகநாசினி இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்புங்கள். அம்மாவுக்கும் பிடிக்கும். படகில் மோட்டார் சைக்கிள், மீன் கூடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஏறும். ஏறி இறங்கும்போது மட்டும் கை கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்படி எழுதி எழுதியே நல்ல ஊர்களைக் கூட்டம் கூடும் இடமாக்கிவிடுகிறீர்களே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. இந்தப் பதிலை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு எழுதுவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் அந்த ஆறு.

சிர்சிப் பக்கத்து மலையில் பிறந்து கடல்வரை ஒரு அணைகூடக் குறுக்கிடாமல் ஓடும் ஆறு அகநாசினி. அதனால்தான் மலை வண்டலும் நன்னீரும் முகத்துவாரம்வரை வருகின்றன, மட்டி பிழைக்கிறது. கரையோரத்து உவர்நிலங்களில் உப்புத்தண்ணீரைத் தாங்கும் கக்க என்ற நெல்லை விதைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறாலும் மீனும். 2024 ஜனவரியில் இந்த முகத்துவாரம் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே அறிவிப்பில் நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும், கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் இருந்தன. கரைவெட்டியின் பறவைகளைப் பற்றி நாம் கவலைப்படுகிற மாதிரி இந்த ஆற்றைப் பற்றியும் கவலைப்பட நாலு பேர் வேண்டும். பார்க்காத ஆற்றுக்காக யார் பேசுவார்கள்?

போகிறவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மட்டி எடுப்பவர்களையும், கோகர்ணம் சந்தையில் கழுத்து நிறைய மணிமாலையோடு காய்கறி விற்கும் ஹாலக்கி சமூகப் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ராத்திரி கடற்கரையில் பாட்டு வைக்காதீர்கள், மீனவர்கள் விடியுமுன் எழ வேண்டும். ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். ஜூன், ஜூலையில் போகாமல் இருப்பதும் நல்லது. அப்போது மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், மழையும் கொட்டும்.

கேள்வி: கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: முடியும். எஷ்டு என்றால் எவ்வளவு. நீரு என்றால் தண்ணீர். ஊட்டா என்றால் சாப்பாடு. தாரி என்றால் வழி. தோணி அங்கேயும் தோணிதான். துறையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது "தோணி பந்த்து" என்றால், பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.