எயார் பிஸ்டல்: பெலட் இடது கீழேயே விழுகிறதென்றால்

தம்பி, 10 மீற்றரில் வலது கையால் சுடும்போது பெலட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) இடது கீழ்ப்பக்கமே கூட்டமாக விழுகின்றன, பின்சைட்டை (குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை)த் திருப்பியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, கையை மணல்பையில் ஊன்றி ஐந்து வெடி வையுங்கள். அவை நடுவில் விழுந்தால் துவக்கில் பிழை இல்லை.

எனக்குப் படுவது விசையை (ட்ரிகரை) அழுத்துவதில் உள்ள பிழைதான். சுட்டுவிரல் அழுத்தும் அதே கணத்தில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகினால் குழல்முனை இடது கீழே சாயும். குறிப்பலகையின் நடுவிலுள்ள 10 புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீற்றர்தான், மயிரிழை அசைவு போதும். போட்டியில் விசைப் பாரம், அதாவது விசை விழத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதால், அதை இலகுவாக்கித் தப்பவும் முடியாது.

வீட்டில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பழகுங்கள். குழலில் பெலட் இல்லை என்று இரண்டு தரம் பாருங்கள். பிஸ்டலில் வெற்றுப் பயிற்சிக்கான (பெலட் இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதற்கான) அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். கண் முன்சைட்டிலேயே நிற்கட்டும். விசை ‘டிக்’ என்று விழும்போது முன்சைட் துள்ளுகிறதா? அந்தத் துள்ளல் அடங்கும் வரை குறிப்பலகையே வேண்டாம்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில் உள்ளங்கை வேர்த்தால் நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். பக்கத்தில் துவாய் வைத்திருங்கள். போட்டியில் 60 வெடிக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரம் வேண்டாம். குறி பிடித்துப் பத்து வினாடிக்குள் விசை விழாவிட்டால் கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குங்கள்.