அறிவிப்புப் பதிவு எதையும் தடுக்காது

‘என் பதிவுகளை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதியில்லை’ என்று ஓர் அறிவிப்பைப் பகிர்ந்துவிட்டு, லிங்க்ட்இனில் இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த அறிவிப்பால் பயனில்லை. கணக்கு தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிமுறைகளை ஒரு பதிவு மாற்றிவிடாது.

வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இனில், பதிவுகளை ஏஐ பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதி பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே இயங்கும் நிலையில் இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

லிங்க்ட்இனில் செட்டிங்ஸ் திறந்து, டேட்டா பிரைவசி பகுதியில் ‘டேட்டா ஃபார் ஜெனரேட்டிவ் ஏஐ இம்ப்ரூவ்மென்ட்’ என்பதைப் பாருங்கள். பொத்தான் பச்சையாக இருந்தால் அணையுங்கள். வெளியே வந்து மறுபடியும் திறந்து, அணைந்தே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எக்ஸ் தளத்தில் ‘பிரைவசி அண்ட் சேஃப்டி’க்குள் குரோக் (அத்தளத்தின் ஏஐ) என்ற பெயரைத் தேடி, அங்கேயும் பயிற்சிக்கான அனுமதியை அணையுங்கள்.

ஏற்கெனவே பயிற்சிக்குப் போனதை இப்படி அணைப்பது மீட்டுத் தராது. எனக்கும் அது வருத்தம்தான். பொதுவில் திறந்திருக்கும் பதிவுகளை வெளியார் திரட்டுவதையும் தடுக்காது. குழந்தைகளின் படங்கள் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.