உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் டெக்னீஷியன் ஆக முனைவர் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். பட்டயமோ இளநிலைப் பட்டமோ பெரும்பாலும் போதும். ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்துபவர்களுக்குத்தான் முனைவர் பட்டம்.

இங்கே சோறு போடுவது கைப்பழக்கம். மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் 1 மைக்ரோலிட்டரை, அதாவது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒவ்வொரு முறையும் பிசகாமல் எடுக்க வேண்டும். மனிதச் செல்களை வழக்கமாக 37 டிகிரி செல்சியஸில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வளர்ப்பார்கள். அசட்டையாகத் திறந்த ஒரு மூடி வழியே பாக்டீரியா நுழைந்தால் பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். அழுத்த நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவ், டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் எல்லாம் பழகினால் வந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது குறிப்பேட்டில்தான். தேதி, வேதிப்பொருளின் தொகுதி எண், தோற்றுப்போன சோதனை என அனைத்தையும் அன்றன்றே எழுத வேண்டும். ஒரே வேலையை நூறு முறை செய்யச் சலிப்பவர் என்றால், சேர்வதற்கு முன் ஓர் ஆய்வகத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்றுப் பாருங்கள்.