கல்வெட்டு, கோப்பு, பெரியவர்கள் பேச்சு: வட்டார வரலாற்று ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்றில் தமிழக வரலாறும் அரசியலும் படிக்கிற வேலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். நிலமும் சாதியும் தேர்தலும் என் பகுதி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், வரலாற்றுத் துறை இருக்கும்போது தனியாக ஒரு மையம் எதற்கு? அங்கே நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

துறையில் பாடம் நடத்துவதுதான் முதல் வேலை. மையத்தில் ஒரே நிலப்பகுதியைப் பல படிப்புக்காரர்கள் சேர்ந்து பார்க்கிறோம். ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு படிப்பவர் அங்கே ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைப் பராமரித்த ஊர்க் குழுவைத் தேடுவார். வருவாய் ஆவணம் பார்ப்பவர் ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில்) யாருக்கு எவ்வளவு நிலம் என்று கணக்கெடுப்பார். அரசியல் படிப்பவர், இன்று மடை திறக்கும் உரிமை யார் கையில், அந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடுகிறது என்று கேட்பார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போதுதான் விஷயம் பிடிபடும். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், சென்னையில் 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதே மாதிரி பல துறைக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தவை.

வணக்கம் அம்மா. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர் வரலாற்றை எழுத ஆசை. தலபுராணம் ஒன்று கையில் இருக்கிறது. அப்புறம் எங்கே போவது?

ஐயா, தலபுராணத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்க வேண்டிய இடம் நிலம்.

உங்கள் கிராமத்தின் பழைய செட்டில்மென்ட் பதிவேடு (நில வகையும் வரியும் எழுதிய வருவாய் ஆவணம்) கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று பிரித்திருக்கும். புறம்போக்கு வரிகளை நிதானமாகப் படியுங்கள். வாய்க்கால், களம், மந்தை, சாவடி, சுடுகாடு எல்லாம் எந்த இடத்தில் இருந்தன என்று அதில் தெரியும். இன்று பேருந்து நிற்கிற இடம் ஒரு காலத்தில் மாட்டு மந்தையாக இருந்திருக்கலாம்.

அடுத்து, கோயிலுக்கோ சத்திரத்துக்கோ மானிய நிலம், அதாவது வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ கொடுத்த இனாம் நிலம் இருந்ததா? இருந்தால் இனாம் பதிவேடு உங்களுக்குப் புதையல். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்தது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார் என்று எழுதி வைத்தது. பூசாரி, தச்சர், வெட்டியான் வரைக்கும் அதில் வருவார்கள். எந்தத் தலபுராணத்திலும் வராத ஆட்கள் அவர்கள்.

இன்னொன்று, உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த அரசின் கீழ் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் 1909-லிருந்து இருக்கும் ஆவணக் காப்பகத்தில் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போய் ஏமாந்தவர்கள் நிறைய. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அந்த ஊர்க்காரர்கள் திருவனந்தபுரம் போக வேண்டும். திருத்தணி 1960-ல்தான் ஆந்திரத்திலிருந்து இங்கே வந்தது. காரைக்கால் பக்கம் என்றால் பிரெஞ்சு ஆவணம். தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில்.

கல்லில் வெட்டியிருக்கிறது என்றால் அது உண்மைதானே? அதில் என்ன விவாதம்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கல்லைப் படிப்பதே ஒரு வேலை. சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிக்கொண்டே வருவோம். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும். அப்புறம் துணிப் பொதியில் மை தொட்டு ஒற்றுவோம். பள்ளம் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் எழுத்து எழும்பி வரும். இதுதான் மைப்படி. கைப்பேசியில் எடுத்த படத்தில் தெரியாத எழுத்து மைப்படியில் தெரியும்.

படி எடுத்த பிறகும் சந்தேகம் தீராது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்று போலத் தெரியும். எது எந்த எழுத்து என்று சூழலை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அந்த முடிவில் படிப்பவருடைய கருத்தும் கலந்துவிடுகிறது.

அடுத்தது, வெட்டியவர் யார், எதற்காக வெட்டினார் என்பது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. நம் மேடைகளில் இதைத் தமிழர் மக்களாட்சி என்று பேசுகிறோம். கல்வெட்டு வைக்கும் தகுதிகளைப் பாருங்கள்: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி. அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. அந்த ஊரில் ஏர் ஓட்டியவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. கணக்குக் காட்டாமல் விலகியவரும் அவர் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதியும் அதே கல்வெட்டில் இருக்கிறது, அது நிச்சயம் பெருமைப்பட வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஒரு கல்வெட்டை வைத்து ஒரு பேரரசைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-ல் வெளியிட்ட நூலில், காவிரியின் நடுப்பகுதிக்கு வெளியே சோழ மன்னருக்குப் பெயரளவு அதிகாரம்தான், அங்கங்கே நாடுகள் (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரங்கள்) தாங்களாகவே இயங்கின என்று வாதிட்டார். கல்வெட்டு ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் எண்ணிப் பார்த்துப் பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து ஆட்பெயர், பதவிப் பெயர், வரிப்பெயர் ஒவ்வொன்றையும் எடுத்து, காலவாரியாகவும் இடவாரியாகவும் பிரித்தார்கள். புரவுவரித் திணைக்களம் மாதிரி மைய அரசின் வரி அலுவலகச் சொற்கள் முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து எவ்வளவு பரவலாக வருகின்றன என்று காட்டினார்கள். கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் செய்த வேலை இது. எனக்கு எண்ணிப் பார்த்தவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் ஸ்டைன் அப்படிக் கேட்டிராவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு இவ்வளவு கவனம் கிடைத்திருக்குமா என்று தெரியாது.

எங்கள் சமூகம் ஆண்ட பரம்பரை என்று தாத்தா சொல்வார். ஆய்வு செய்தால் நிரூபிக்க முடியுமா அக்கா?

தம்பி, முடிவை வைத்துக்கொண்டு ஆதாரம் தேடினால் தேடியது கிடைத்துவிடும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்தக் கதையை நம் குடும்பம் எப்போதிலிருந்து சொல்கிறது? ஆங்கிலேயர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு, எங்கள் பெயரை இப்படிப் பதியுங்கள், எங்களை இந்த வரிசையில் வையுங்கள் என்று பல சமூகங்கள் மனு மேல் மனு போட்டன. நாடார் மகாஜன சங்கம் 1910-ல் உருவானது, 1921 கணக்கெடுப்பின்போதுதான் நாடார் என்ற பெயரை அரசு ஏற்றது. அந்த மனுக்களைப் படித்தால், மரியாதைக்காக மக்கள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று தெரியும். உங்கள் தாத்தா சொன்ன கதைக்குப் பின்னாலும் அப்படி ஓர் அவமானமும் ஓர் எதிர்ப்பும் இருக்கலாம். தேட வேண்டியது அதைத்தான்.

ஒரு கட்சியின் அனுதாபி நான். அரசியல் ஆய்வு செய்யத் தகுதி உண்டா?

உண்டு. உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் பத்திரிகையை, அவர்கள் தொண்டர் படிக்கிற ஆர்வத்தோடு ஓர் ஆண்டு படியுங்கள். பிறகு எழுதுங்கள்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா?

படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நல்ல தமிழ் இல்லாதவர்தான் அதிகம் இழக்கிறார். 1930-களின் கோப்பு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு சேரியைச் சேர்ந்தவர்கள் போட்ட தமிழ் மனு, கீழே இருபதுக்கு மேல் கைநாட்டு. "நாங்கள் மூன்று மாதம் கூலி இல்லாமல் வெட்டின வாய்க்காலில் எங்களுக்கே தண்ணீர் இல்லை" என்று ஒரு வரி. மேலே இணைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், வாய்க்காலைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்கள் என்று மட்டும் இருந்தது. உத்தரவு போட்ட அதிகாரி அந்த ஆங்கிலத்தை மட்டுமே படித்தார் என்று அவர் குறிப்பிலிருந்து தெரிந்தது. தமிழ் மனு கட்டின் அடியில் மடித்தபடி கிடந்தது. தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி அரசுக்காகத் தயாரித்த வாராந்தரச் சுருக்கங்களும் அப்படித்தான். அரசு கவலைப்பட்ட செய்திதான் அவற்றில் அதிகம் வரும். மூலப் பத்திரிகை எங்காவது கிடைக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இதற்கு நல்ல இடம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தாள்களிலிருந்து 1994-ல் வளர்ந்த நூலகம் அது.

தஞ்சாவூர் மராட்டியர் காலத்தைத் தொட நினைத்தால் மோடி எழுத்து (மராத்தி எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து முறை) படிக்கப் பழகுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு.

பெரியவர்களிடம் பேசும்போது ஆண்டே சொல்ல மாட்டேன் என்கிறார்களே, அதை எப்படி ஆதாரமாகக் காட்டுவது?

ஆண்டு கேட்காதீர்கள். எந்தப் புயல், எந்தப் பஞ்சம், யாருக்குக் கல்யாணம் என்று கேளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அப்பா பண்ணையாளாக, அதாவது நிலக்காரர் ஒருவரிடம் நிரந்தரக் கூலியாளாக இருந்தவர். கூலி நெல் எப்போது கூடியது என்று கேட்டேன். "புயலுக்கு முந்திதாம்மா. கூடுன நெல்லுக்குப் புதுசா ஒரு குதிர் வாங்குனாங்க. புயல்ல குதிரும் போச்சு" என்றார். குதிர் என்பது நெல் கொட்டி வைக்கும் பெரிய கலம். அது எவ்வளவு உயரம் என்று தன் தோளில் கைவைத்துக் காட்டினார், அப்போது அவர் சிறுமி.

அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் புயல் என்றால் 1952 நவம்பர் 30 புயல். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் முதலில் அவசரச் சட்டமாக வந்தது அதே ஆண்டு, புயலுக்குச் சில மாதம் முன். பண்ணையாளுக்கு இவ்வளவு நெல் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டம் வந்ததைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எழுதிவிடலாம். அது ஒரு வீட்டுக்குள் நெல்லாக வந்து சேர்ந்ததா என்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் குதிர். ஆய்வேட்டில் அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். பேசிய நாள், இடம், அவர் வயது எல்லாவற்றையும் குறித்தேன். எழுதியதை அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். குதிர் வாங்கவில்லை, மண் குழைத்து வீட்டிலேயே செய்தது என்று திருத்தினார். திருத்தி எழுதினேன்.