300 எம்பிபிஎஸ் இணையம் வேண்டாம், ரவுட்டரை நகர்த்துங்கள்

கேள்வி: மதுரையில் வாடகை வீடு. நான், கணவர், கல்லூரி போகும் மகன், மாமியார் என நான்கு பேர். இப்போது வீட்டு இணையத்துக்கு 100 எம்பிபிஎஸ் (Mbps) வேகப் பிளான், மாதம் 799 ரூபாய். வாரத்தில் மூன்று நாள் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பெட்ரூமில் உட்கார்ந்தால் வீடியோ கால் சிக்கிச் சிக்கி நிற்கிறது. 1,499 ரூபாய்க்கு 300 எம்பிபிஎஸ், ஓடிடி எல்லாம் உண்டு, 12 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். எடுக்கலாமா? நான்கு போனுக்கும் தலா 349 ரூபாய் ரீசார்ஜ் வேறு.

பதில்: எடுக்காதீர்கள். முதலில் ரவுட்டர், அதாவது அந்த வைஃபை பெட்டி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

என் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்தவர், வயர் உள்ளே நுழைந்த ஜன்னல் பக்கத்திலேயே, இரும்பு பீரோவுக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஹாலில் உயரமான இடத்துக்கு மாற்றியதும், பெட்ரூமில் 9 காட்டிய ஸ்பீடு டெஸ்ட் 70-ஐத் தாண்டியது, அதே பிளான்தான். லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து ஒரு டெஸ்ட் போடுங்கள், அங்கே 90-க்கு மேல் வந்து பெட்ரூமில் 10 வந்தால் கோளாறு பிளானில் இல்லை, சுவரில் இருக்கிறது. 300 வாங்கினாலும் அந்தச் சுவர் அங்கேயேதான் நிற்கும்.

நெட்ஃபிளிக்ஸே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. வீடியோ காலுக்கு நான்கைந்து. மகன் போனில் ஒன்று, நீங்கள் ஒன்று என்று ஓடவிட்டாலும் 40-ஐத் தாண்டாது.

இப்போது கணக்கு. விளம்பர விலையில் பெரும்பாலும் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 799 என்பது கையில் 943, 1,499 என்பது 1,769. வித்தியாசம் மாதம் 826, வருடத்துக்கு 9,912 ரூபாய். அந்த ஓடிடிகளில் நீங்கள் நிஜமாகப் பார்ப்பது எத்தனை, சொல்லுங்கள்? இரண்டு இருந்தால் அதிகம்.

அப்புறம் அந்த இலவச மாதம். அதற்காக 21,226 ரூபாயை இன்றே தூக்கிக் கொடுக்க வேண்டும். வாடகை வீடு என்கிறீர்கள், ஏழாவது மாதம் வேறு தெருவுக்குப் போய் அங்கே அவர்கள் லைன் இல்லையென்றால் மீதிப் பணம் திரும்பி வருமா? வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பணம் உண்மையில் ஒழுகுவது போன் ரீசார்ஜில். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 13 முறை, நான்கு போனுக்கு 18,148 ரூபாய், அதாவது வீட்டு இணையத்தைவிட அதிகம்! வைஃபை இருக்கும் வீட்டில் தினம் 2 ஜிபி யாருக்கு? வெளியே சுற்றும் மகனுக்கு இருக்கட்டும். மற்றவர்கள் ஒரு படி இறங்கலாம். மாமியாருக்கு டேட்டாவே வேண்டாம். பேச மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்துவிட்டது, ஆப்பில் கீழே எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள், தேடுங்கள். பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் வீடியோவை அவர் வைஃபையிலேயே பார்த்துக்கொள்வார்.