பேட்டரி புதுசு, பெல்ட் இறுக்கம், ஆனாலும் பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லையே, ஏன்?

நெடுநாள் ஷெட்டில் கிடந்த பழைய ஃபெர்குசன் டிஇ20 மாதிரி வண்டிகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. பல நேரம், இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ கெட்டிருக்காது. அதற்குள் எஞ்சியிருக்க வேண்டிய காந்தம் போயிருக்கும்.

டைனமோ சுற்றினால் கரண்ட் வர, உள்ளே காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்தை உண்டாக்குவதும் டைனமோவின் சொந்தக் கரண்ட்தான். அப்படியானால் முதல் துளி எங்கிருந்து வரும்? சென்ற முறை ஓடியபோது இரும்பில் தங்கிய கொஞ்சம் காந்தம்தான் அதைத் தரும். வறண்டுபோன அடிபம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தானே மேலே தண்ணீர் வரும்? அதே கதை.

சோதிக்க, டைனமோவின் டி (D), எஃப் (F) முனைகளில் உள்ள இரண்டு வயர்களையும் கழற்றுங்கள். டி முனைக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைத்து, இன்ஜினை மிதமாக ஓட்டுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் காந்தம் இருக்கிறது. டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட் பெட்டியையும் வயரிங்கையும் பாருங்கள். முள் அசையவே இல்லையா? இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் பாடியோடு சேராத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் ஓரிரு நொடி மட்டும் தொடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் மறுபடி சோதியுங்கள். அப்போதும் முள் அசையாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

பாடியில் பிளஸ் இணைந்திருப்பதைப் பார்த்து, யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று பேட்டரியைத் திருப்பி மாட்டுகிறவர்கள் நிறைய. அந்த ஃபெர்குசன்கள் வந்ததே அப்படித்தான்.